வீட்டு வாசல்லயே வண்டிய பாத்துக்கறது: அடிக்கடி கேக்கற கேள்விங்க

ஞாயித்துக்கிழம காலைல சத்துவாச்சாரில எங்க வீட்டு வாசல்ல வண்டிய ஸ்டாண்ட் போட்டு ஒரு கோணிய விரிச்சு உக்காந்தேன்னா பத்து நிமிஷத்துல யாராவது ஒருத்தர் வந்து நின்னுடுவாங்க, அண்ணா என் வண்டில ஒரு சவுண்டு, தம்பி என் ஸ்கூட்டி இழுக்கவே இல்ல, இப்டி. நான் மெக்கானிக் இல்லீங்க. ராணிப்பேட்டைல வேலை, தினம் ஸ்ப்ளெண்டர்ல போய்ட்டு வர்றவன், வீட்ல ஒரு பிஎஸ்-6 (2020ல வந்த புது புகை விதிக்கு ஏத்த வண்டி) ஆக்டிவா இருக்கு. ரெண்டையும் முடிஞ்ச வரைக்கும் நானே பாத்துக்கறேன், அவ்ளோதான். ஒரே கேள்விக்கு நாலு வாட்டி பதில் சொல்லி சொல்லி வாய் வலிக்குதுன்னு எல்லாத்தயும் ஒரே எடத்துல எழுதிட்டேன், கேட்டவங்க கேட்ட மாதிரியே.

அண்ணா எனக்கு ஸ்பேனர் புடிக்கவே தெரியாது, நானெல்லாம் இத பண்ண முடியுமா?

முடியும். ஆனா எதுல கை வெக்கலாம் எதுல வெக்கக்கூடாதுன்னு முதல்ல ஒரு கோடு போட்டுக்கங்க. என் கணக்கு இது: நான் தப்பு பண்ணா வண்டி கெளம்பாது, அவ்ளோதானா? அப்போ தைரியமா பண்ணலாம், கெளம்பலன்னா ஷேர் ஆட்டோ இருக்கு. நான் தப்பு பண்ணா வண்டி நிக்காதா, இல்ல வீல் கழண்டுக்குமா? அத வீட்ல செக் மட்டும் பண்ணுவேன், கழட்டி மாட்டறது மெக்கானிக் கிட்ட. ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், பேட்டரி, காத்து, செயினுக்கு ஆயில் விடறது இதெல்லாம் முதல் ரகம். டிஸ்க் பிரேக், ஃபோர்க், கோன் செட்டு (ஹேண்டில் திரும்பற எடத்துல இருக்கற பேரிங்), வீல் பேரிங் ரெண்டாவது ரகம்.

முதல் ஒரு மாசம் காத்து பாக்கறதும் செயினுக்கு ஆயில் விடறதும் மட்டும் பண்ணுங்க, கை பழகிடும்.

இன்னா இன்னா டூல்ஸ் வாங்கணும், பெரிய செட்டு 3000 ரூபாக்கு ஆன்லைன்ல கீதே?

வேணாம். அதுல பாதி நம்ம வண்டில எங்கயும் மாட்டாது. 8, 10, 12, 14, 17 இந்த சைஸ்ல ரிங் ஸ்பேனர், 10க்கும் 12க்கும் டி ஸ்பேனர், நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு, கட்டிங் பிளேயர், காத்து பாக்கற கேஜ், ஒரு புனல், பழைய டிரே, பனியன் வேஸ்ட் துணி. பிளக் ஸ்பேனர் வண்டியோடவே குடுத்திருப்பாங்க, சீட்டுக்கு அடில தேடுங்க. கொஞ்சம் காசு மிஞ்சினா ஒரு மல்டிமீட்டர்.

ஒண்ணு மட்டும் கேளுங்க, வாய் தொறந்த ஸ்பேனர வெச்சு டைட்டா இருக்கற போல்ட்ட கழட்டாதீங்க. அது ரெண்டு பக்கம்தான் புடிக்கும், வழுக்கி தலை உருண்டையாயிடும், அப்பறம் வெல்டிங் கடைக்குதான் போவணும். ரிங்குனா ஆறு மூலயையும் புடிக்கும்.

ஆயில் எத்தினி கிலோமீட்டருக்கு மாத்தணும்? கடைல 2000ன்றான், புக்ல வேற போட்டுகீது

புக்க எழுதினவன் இஞ்சின செஞ்சவன், அவன் சொல்றதுதான் மேல் வரம்பு. நிறைய வண்டிக்கு 5000, 6000ன்னு கூட போட்டிருப்பாங்க, ஆனா நடுவுல லெவல் பாத்து டாப் அப் பண்ண சொல்லியும் போட்டிருப்பாங்க, அந்த வரிய யாரும் படிக்கறதில்ல. 100 சிசி வண்டில மொத்த ஆயிலே ஒரு லிட்டர் சுத்திதான், அதே ஆயில்தான் இஞ்சின், கியர், கிளட்ச் மூணுக்கும். கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல ஃபர்ஸ்ட் கியர்லயே உருட்டிக்கினு போறவங்களுக்கு வெறும் கிலோமீட்டர் கணக்கு பத்தாது. நான் 3000ல மாத்திடறேன். 2000ன்றது கடைக்காரருக்கு நல்லது.

லெவல் பாக்கறப்போ சென்டர் ஸ்டாண்டு போட்டு, ரெண்டு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தி, ஆயில் கீழ எறங்க ரெண்டு மூணு நிமிஷம் விட்டு பாருங்க. ஸ்ப்ளெண்டர், ஆக்டிவா மாதிரி வண்டிங்கள்ல ஆயில் குச்சிய தொடச்சிட்டு உள்ள திருகாம சும்மா வெச்சுதான் பாக்கணும். திருகி பாத்தா ஆயில் அதிகமா இருக்கற மாதிரி பொய் காட்டும்.

சரி, மாத்தறது எப்டி, படி படியா சொல்லுங்க

வண்டிய அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு வாங்க, சூடா இருந்தாதான் ஆயில் தண்ணி மாதிரி எறங்கும், கொதிக்க கொதிக்க வேணாம், கைய சுட்டுக்குவீங்க. அடில டிரே வெச்சு, இஞ்சின் அடில ஆயில் எறக்கறதுக்குன்னு இருக்கற டிரெய்ன் போல்ட்ட லூஸ் பண்ணிட்டு கடைசி மரைய விரல்லயே அழுத்தி புடிச்சிக்கினு திருகி சட்டுனு எடுங்க. மேல ஆயில் மூடிய தொறந்து விட்டா வேகமா எறங்கும். முதல்ல கறுப்பா கயிறு மாதிரி விழும், அப்பறம் நூலாகும், அப்பறம் சொட்டு. அந்த சொட்டு நிக்கற வரைக்கும் டீ குடிச்சிட்டு வாங்க, அவசரப்படாதீங்க. போல்ட்டுல ஒரு வாஷர் ஒட்டிக்கினு இருக்கும், இல்லன்னா இஞ்சின் அடிலயே ஒட்டிக்கினு இருக்கும், பாத்து எடுத்துட்டு புதுசு போடுங்க. பழசயும் சேத்து ரெண்டு வாஷர் போட்டு ஒழுக விட்டவங்கள நான் பாத்திருக்கேன்.

டைட் பண்ணும்போதுதான் எல்லாரும் கோட்ட விடறது. நானும் விட்டேன். ஒழுகக்கூடாதேன்னு ஸ்பேனர்ல ஒரு பைப்ப சொருவி நீட்டமாக்கி இழுத்தேன், கடக்னு ஒரு சத்தம், அப்பறம் போல்ட்டு வெண்ணெய்ல திருகற மாதிரி சும்மா சுத்துது. இஞ்சின் அடி அலுமினியம், போல்ட்டு இரும்பு, மரை போனா இஞ்சின்லதான் போவும். அன்னிக்கு வண்டிய தள்ளிக்கினே லேத் பட்டறைக்கு போயி பெரிய சைஸ்ல மரை போட்டு அதுக்கு ஏத்த போல்ட்டு செஞ்சு வாங்கினேன், ஆயில் செலவ விட மூணு மடங்கு ஆச்சு. அதனால கையால முழுசா திருகுங்க, கையால திருகறப்பவே கோணலா டைட்டாச்சுன்னா நிறுத்திட்டு திரும்ப ஆரம்பிங்க, வாஷர் உக்காந்தப்பறம் ஸ்பேனர்ல மணிக்கட்டு பலத்துல ஒரு இழுப்பு, போதும். டார்க் ரென்ச் (எவ்ளோ பலத்துல டைட் பண்றோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) இருந்தா புக்ல போட்டிருக்கற அளவுக்கு வெச்சு டைட் பண்ணுங்க.

நம்ம வேலூர் வெயிலுக்கு கட்டி ஆயில் போடணுமாமே?

வேணாம். புக்ல 10டபிள்யூ-30ன்னு இருந்தா அதையே போடுங்க. அந்த 30ன்றது 100 டிகிரி சூட்ல ஆயில் எவ்ளோ கட்டியா இருக்கும்ன்றதுக்கு வெச்ச நம்பர். ஓடற இஞ்சினோட சூட்டுக்கு முன்னாடி வெளிய அடிக்கற 40, 42 டிகிரி பெரிய விஷயமே இல்ல, கம்பெனிக்காரன் இந்தியா வெயில வெச்சுதான் அந்த நம்பர எழுதியிருக்கான். கட்டி ஆயில் ஊத்தினா இஞ்சின் சத்தம் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி தெரியும், அத கேட்டு ஏமாந்துடறாங்க, மைலேஜ் அடி வாங்கும். ரொம்ப வயசான இஞ்சின், ஆயில் குடிக்குது பொகை தள்ளுதுன்னா அது வேற கதை, ஆயில மாத்தி சமாளிக்கற நிலைமைய தாண்டிடுச்சு.

மாமா கார் ஆயில் அரை டப்பா மிச்சம் கீது, பைக்ல ஊத்திடலாமா?

ஊத்தாதீங்க. பைக்ல கிளட்ச் பிளேட்டு அந்த ஆயில்லயேதான் ஊறிக்கினு இருக்கும். கார் ஆயில்ல உராய்வ கொறைக்கற மருந்து கலந்திருப்பாங்க, அது கிளட்ச் பிளேட்ட வழுக்க வெக்கும், ஆக்ஸிலேட்டர் குடுத்தா சத்தம் ஏறும் வண்டி போவாது. பைக் ஆயில் டப்பா பின்னாடி ஜாசோன்ற தர குறில எம்ஏ இல்ல எம்ஏ2ன்னு இருக்கும், ஸ்கூட்டர் ஆயில்ல எம்பின்னு இருக்கும். ஸ்கூட்டர்ல கிளட்ச் தனியா காய்ஞ்ச எடத்துல இருக்கறதால எம்பி போதும். ஸ்கூட்டர் ஆயில பைக்ல ஊத்தினாலும் அதே வழுக்கல்தான்.

பழைய ஆயில இன்னா பண்றது?

பாட்டில்ல புடிச்சு மூடி போட்டு மெக்கானிக் கடைல குடுத்துடுங்க, அவங்க டிரம்ல சேத்து வெச்சு ஆளு வந்தா குடுப்பாங்க. கால்வாய்ல விட்டா பாலாத்துக்குதான் போவும், தோல் கழிவு போயி அந்த ஆறு பட்டது போதும்.

செயின் டக்கு டக்குன்னு அடிக்குது, டைட் பண்ணிட்டா சரியாயிடுமா?

முதல்ல லூசான்னு பாருங்க. கீழ் பக்க செயினோட நடுவுல விரல வெச்சு மேல கீழ ஆட்டுங்க, சுமார் 25ல இருந்து 35 மி.மீ ஆடணும், உங்க வண்டிக்கு சரியான அளவு புக்ல இருக்கும். வீல சுத்தி சுத்தி நாலஞ்சு எடத்துல பாருங்க, செயின் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி தேயாது. எங்க ரொம்ப டைட்டா இருக்கோ அந்த எடத்துல வெச்சுதான் அளவு செட் பண்ணணும். சத்தம் வரக்கூடாதுன்னு வீணை கம்பி மாதிரி இழுத்து வெச்சீங்கன்னா ஆள் ஏறினதும் இன்னும் டைட்டாயி பேரிங்கும் போவும் ஸ்ப்ராக்கெட்டும் போவும். டைட் பண்ணா ரெண்டு பக்க அட்ஜஸ்டர் கோடும் ஒரே நம்பர்ல நிக்கணும், இல்லன்னா வீல் கோணலா ஓடும். கடைசில ஆக்ஸில் நட்ட மறக்கக்கூடாது, அதான் உயிர். அதுல சந்தேகம் இருந்தா முதல் பதில்ல சொன்ன கோட்டுக்கு அந்த பக்கம்னு நெனச்சு கடைலயே விட்டுடுங்க.

மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ல தேச்சு தொடச்சு, செயினுக்குன்னே விக்கற லூப் ஸ்ப்ரேயோ 90 நம்பர் கியர் ஆயிலோ உள் பக்கமா விடுங்க, 500 கி.மீ.க்கு ஒரு வாட்டி. பெட்ரோல் ஊத்தி கழுவாதீங்க, ஓ-ரிங் செயினா இருந்தா ரப்பர் காலி. இன்னொண்ணு, வண்டிய ஸ்டார்ட் பண்ணி கியர்ல போட்டு செயின் ஓட ஓட துணி வெச்சு தொடைக்கற பழக்கம் சிலருக்கு இருக்கு, விரல் போயிடும்ங்க. கையால வீல சுத்துங்க.

காத்து எவ்ளோ வெக்கணும், வெயில் காலத்துல கொறைக்கணுமா?

என் ஸ்ப்ளெண்டருக்கு முன்னாடி 25 பிஎஸ்ஐ, பின்னாடி தனியா போனா 28, பின்னாடி ஆள் உக்காந்தா 40 பக்கம். உங்களுதுக்கு செயின் கவர்லயோ சீட்டு அடிலயோ ஸ்டிக்கர் இருக்கும். கொறைக்க தேவையில்ல, காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் ஆறியிருக்கறப்போ வெக்கற அளவுதான் அது. மத்தியானம் ஹைவேல ஓட்டிட்டு வந்து பாத்தா ஏறித்தான் காட்டும், அத பாத்து காத்த எறக்கி விடாதீங்க. கம்மி காத்துலதான் டயர் நசுங்கி நசுங்கி இன்னும் சூடாகும்.

பேட்டரிக்கு கேன் தண்ணி ஊத்தலாமா, அதுவும் சுத்தமான தண்ணிதான?

கூடாது. நம்மூர் போர் தண்ணில சாதம் வெக்கற குண்டான்ல எப்டி வெள்ளையா படியுதுன்னு வீட்ல பாத்திருப்பீங்க, அதே உப்பு பேட்டரி தட்டுலயும் போயி கெடுக்கும். கேன் தண்ணில உப்பு கம்மி, ஆனா கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். டிஸ்டில்ட் வாட்டர் பெட்ரோல் பங்க்ல, ஸ்பேர்ஸ் கடைல கெடைக்கும். ஆசிட் ஊத்தவே ஊத்தாதீங்க, ஆவியாயி போறது தண்ணிதான், ஆசிட் இல்ல. இப்ப வர வண்டிங்கள்ல முக்காவாசி மூடுன பேட்டரி, அத நெம்பி தொறக்க பாக்காதீங்க.

கழட்டும்போது முதல்ல மைனஸ், மாட்டும்போது முதல்ல பிளஸ். மாத்தி பண்ணா ஸ்பேனர் ஃபிரேம்ல பட்டு தீப்பொறி தெறிக்கும்.

காலைல கிக் அடிச்சு அடிச்சு காலு வலிக்குது, ஸ்டார்ட்டே ஆவல, இன்னாண்ணா பாக்கறது?

சிரிக்காதீங்க, முதல்ல கில் ஸ்விட்ச், அதான் ஹேண்டில்ல இஞ்சின ஆஃப் பண்ற பட்டன். பிள்ளைங்க வெளாடறப்போ அத தட்டி விட்டுடுவாங்க. அப்பறம் பெட்ரோல் டேப் ஆஃப்ல இருக்கா, பெட்ரோல் இருக்கா, சில புது வண்டில சைடு ஸ்டாண்டு போட்டிருந்தாலே எடுக்காது. இதுலயே பாதி பேர் வீட்டுக்கு போய்டுவாங்க.

அப்பறம் பிளக்கு. கழட்டி நுனிய பாருங்க, அது ஒரு ஜாதகம். டீ கலர்ல இருந்தா நல்லா எரியுது. கரி மாதிரி காஞ்ச கறுப்புனா பெட்ரோல் அதிகம் இல்ல ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய் பிசுக்கோட கறுப்புனா இஞ்சின் ஆயில் மேல ஏறி எரியுது, அது செலவு. வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தாம சூடாவுது. பெட்ரோல்ல நனைஞ்சு இருந்தா கிக் அடிச்சு அடிச்சு நீங்களே முழுக வெச்சுட்டீங்க, தொடச்சு காய வெச்சு போடுங்க. பொறி வருதான்னு பாக்க, கார்புரேட்டர் (பெட்ரோலயும் காத்தயும் கலக்கற பாகம்) இருக்கற வண்டில பிளக்க கேப்போட மாட்டி அதோட இரும்பு உடம்பு இஞ்சின் மேல நல்லா பட்டு இருக்கற மாதிரி, பிளக் ஓட்டைய விட்டு தள்ளி வெச்சு கிக் அடிங்க, நீலமா டிக்னு தெரியணும். பக்கத்துல பெட்ரோல் சிந்தி இருந்தா இத பண்ணவே பண்ணாதீங்க. பொறி இருக்கு, பெட்ரோல் வருது, அப்பவும் எடுக்கலன்னா கார்புரேட்டர்ல பெட்ரோல் வர சின்ன ஓட்டை, ஜெட்டுன்னு சொல்வாங்க, அது அடைச்சிருக்கும்.

செல்ஃப் போட்டா டிக் டிக்னு மட்டும் வருதா, பேட்டரி. மல்டிமீட்டர்ல ராத்திரி முழுக்க நின்ன வண்டில 12.6 வோல்ட் காட்டினா ஃபுல், 12க்கு கீழனா காலி. ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுத்து பாத்தா 13.5ல இருந்து 14.5க்குள்ள வரணும், வரலன்னா பேட்டரி மேல பழி போடாதீங்க, சார்ஜிங் பக்கம் கோளாறு.

மாசக்கணக்கா நின்ன பழைய வண்டினா டேங்க்ல இருக்கறத எறக்கிட்டு புது பெட்ரோல் ஊத்துங்க. இப்ப வர பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், தண்ணி அதிகமாச்சுன்னா பிரிஞ்சு அடில தங்கிடும்.

60 குடுத்துக்கினு இருந்த வண்டி 45தான் குடுக்குது, கார்புரேட்டர் ட்யூன் பண்ணிடலாமா?

கார்புரேட்டர் கடைசில. முதல்ல நெசமா 45தானான்னு பாருங்க: டேங்க் ஃபுல் பண்ணி, கிலோமீட்டர குறிச்சு, 200 கி.மீ. ஓட்டி, அதே பங்க்ல அதே மாதிரி ஃபுல் பண்ணி வகுங்க. ரிசர்வ் விழறத வெச்சு போடற கணக்கெல்லாம் கணக்கே இல்ல. அப்பறம் மேல சொன்ன காத்து, செயின். அப்பறம் சென்டர் ஸ்டாண்டுல நியூட்ரல்ல வெச்சு பின் வீல கையால சுத்துங்க, ஒரு சுத்துல நின்னுட்டா பிரேக் புடிச்சிக்கினே இருக்கு, நீங்க பெட்ரோல எரிச்சு பிரேக் ஷூவ தேச்சுக்கினு இருக்கீங்க.

அப்பறம் ஏர் ஃபில்டர். மணல் லாரி பின்னாடி காட்பாடி வரைக்கும் போனா சட்டை காலர் என்ன ஆவுதோ அதான் ஃபில்டரும் ஆவுது. ஸ்பாஞ்ச்னா மண்ணெண்ணெய்ல கழுவி பிழிஞ்சு காய வெச்சு லேசா ஆயில் விட்டு பிழிஞ்சு போடலாம். காஞ்ச பேப்பர்னா உள்ள இருந்து வெளிய மெதுவா காத்து அடிக்கலாம். ஆனா ஆக்டிவால வர மாதிரி எண்ணெய் பூசின பேப்பர்னா காத்து அடிக்கவே கூடாது, அந்த எண்ணெய்தான் தூசிய புடிக்குது, கிலோமீட்டர் வந்தா தூக்கி போட்டு புதுசுதான்.

பிரேக் வீட்ல டைட் பண்ணிக்கலாமா, ஏலகிரி போறோம்

டிரம் பிரேக்குனா பின்னாடி ராடுல இருக்கற நட்ட சுத்தி பண்ணலாம், பெடல் ரெண்டு மூணு சென்டிமீட்டர் எறங்கினதும் புடிக்கற மாதிரி. அப்பறம் வீல் ஃப்ரீயா சுத்துதா, பிரேக் லைட் எரிஞ்சு அணையுதா பாருங்க. பிரேக் பேனல்ல ஒரு அம்பு குறி இருக்கும், பிரேக் அழுத்தறப்போ அது கோட்ட தொட்டுடுச்சுன்னா டைட் பண்ணி பிரயோஜனம் இல்ல, ஷூ முடிஞ்சுது. டிஸ்க்குனா பேட் எவ்ளோ மிச்சம், பிரேக் ஆயில் லெவல் கீழ் கோட்டுக்கு மேல இருக்கான்னு பாத்துட்டு மூடிடுங்க. அந்த ஆயில் பெயின்ட்ல பட்டா பெயின்ட் உரியும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு வாட்டி கடைல மாத்திடுங்க.

ஏலகிரில 14 வளைவு, ஏறறத விட எறங்கறதுதான் பிரச்சன. மைலேஜுக்காக இஞ்சின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல உருட்டிக்கினு வராங்க பாருங்க, அவங்களுக்கு பாதி மலைலயே டிரம் சூடாயி பிரேக் பஞ்சு மாதிரி ஆயிடும். செகண்ட் கியர்ல இஞ்சின் புடிச்சுக்கற மாதிரி எறங்குங்க. ஸ்கூட்டர்ல அந்த பிடிப்பு கம்மி, நடுவுல நிறுத்தி ஆற விட்டு வாங்க.

மே மாசம் ஃபுல் டேங்க் போட்டா வண்டி வெடிச்சிடும்னு மெசேஜ் வந்துச்சே?

வெடிக்காது. பெட்ரோல் தானா பத்திக்க 200 டிகிரிக்கு மேல வேணும். பொறி பட்டாதான் ஆபத்து. கழுத்து வரைக்கும் தளும்ப போட்டு வெயில்ல நிறுத்தினா விரிஞ்சு மூடி வழியா கசியும், அதனால கொஞ்சம் எடம் விடுங்க, அவ்ளோதான்.

பிஎஸ்-6 சென்சார் வண்டிய வீட்ல தொடக்கூடாதுன்றாங்களே?

2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த வண்டிங்கள்ல கார்புரேட்டர் போயி, பெட்ரோல சென்சார் கணக்குல பீச்சற இஞ்செக்‌ஷன் வந்துடுச்சு, ஆனா ஆயில், செயின், காத்து, ஃபில்டர் இதெல்லாம் அதே பழைய கதைதான், மேல சொன்னது எல்லாம் பொருந்தும். மாறினது மூணு விஷயம். சாவி ஆன்ல இருக்கறப்போ எந்த கனெக்டரையும் புடுங்காதீங்க. பிளக்க வெளிய வெச்சு பொறி பாக்கற வேலை வேணாம், அத கடைலயே பாக்கட்டும். டேங்க எப்பவும் காய விட்டு ஓட்டாதீங்க, உள்ள இருக்கற பம்ப்ப குளிர வெக்கறதே அந்த பெட்ரோல்தான். மீட்டர்ல இஞ்சின் படம் போட்ட லைட் எரிஞ்சுக்கினே இருந்தா ஸ்கேனர் வெச்சிருக்கற எடத்துக்கு போங்க. வாரண்டி இருக்கற வரைக்கும் சர்வீஸ கம்பெனி சர்வீஸ் சென்டர்லயே பண்ணி பில்ல வெச்சுக்கங்க, 300 ரூபா மிச்சம் பண்ண போயி இஞ்சின் வாரண்டிய விடாதீங்க.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு?

காத்து, பிரேக், டயர். பேட்டரி பெட்டிய தொறக்காதீங்க. வெயில்ல ஓட்டிட்டு வந்ததும் உடனே சார்ஜ் போடாம நெழல்ல அரை மணி நேரம் ஆற விடுங்க.

எல்லாம் மாட்டி முடிச்சேன், ஒண்ணு மிஞ்சிடுச்சு, ஓட்டி பாத்துடலாமா?

ஓட்டாதீங்க. கழட்டறதுக்கு முன்னாடி ஃபோன்ல போட்டோ எடுங்க, அட்டைல ஓட்ட போட்டு போல்ட்ட எல்லாம் கழட்டின வரிசைல சொருவி வெய்ங்க, மிஞ்சாது. பக்கத்து தெரு தம்பி ஒருத்தன் பின் வீல கழட்டி டியூப் மாத்திட்டு உள்ளங்கைல ஒரு சின்ன கம்பிய வெச்சுக்கினு வந்து அண்ணா இது எங்கயோ கெடந்ததுன்னு காட்டறான். அது பின் பிரேக் பேனல புடிச்சுக்கினு இருக்கற ராடோட காட்டர் பின். அந்த நட்டு கழண்டா பிரேக் அடிக்கறப்போ பேனலே சுத்தி வீல் லாக் ஆயிடும். அவன் அப்டியே பாகாயம் வரைக்கும் ஓட்டிட்டு வேற வந்திருந்தான். நட்ட டைட் பண்ணிட்டு புது பின் வாங்கி போட சொன்னேன். பழச நீட்டி திரும்ப வளைச்சு போடாதீங்க, வளைச்ச எடத்துலயே உடைஞ்சிடும்.